கூகுள் விளம்பரத்துக்கு மாதம் 45,000 செலவு, விற்றது 19 கிரைண்டர். எங்கே கோளாறு?

#1 கொங்குக்கல்

வணக்கம் நண்பர்களே. கோவையில் அப்பா காலத்திலிருந்து வெட் கிரைண்டர் செய்கிறோம். சின்னப் பட்டறை, எட்டு பேர். இத்தனை நாளும் கடைகளுக்கு மொத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். போன வருடம் சொந்தமாக வெப்சைட் தொடங்கி, 2 லிட்டர் டேபிள் டாப் மாடலை மட்டும் நேரடியாக விற்கிறோம். டெலிவரி சேர்த்து 6,200 ரூபாய். கல், மோட்டார், டிரம், கூலி, பேக்கிங், பார்சல், ஜிஎஸ்டி எல்லாம் போக ஒரு பீஸில் 1,100 நிற்கும்.

கூகுள் சர்ச் விளம்பரம் ஓடுகிறது. அமைத்துக் கொடுத்தவர்கள் இப்போது போன் எடுப்பதில்லை, அதனால் நானே பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 1,500 வீதம் போன மாதம் 45,000 போயிற்று. கணக்கில் 410 கன்வெர்ஷன் (விளம்பரத்தில் வந்தவர் நாம் எண்ணச் சொன்ன செயலைச் செய்தது), ஒன்றுக்கு 110 ரூபாய் என்று காட்டுகிறது. ஆனால் பட்டறையிலிருந்து வண்டி ஏறியது 19 கிரைண்டர்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு விற்பனைக்கு 2,368 ரூபாய். அதாவது ஒவ்வொன்றிலும் 1,268 ரூபாய் கைநஷ்டம்.

வாட்ஸ்அப் மட்டும் ஓயாமல் அடிக்கிறது. "பெல்ட் இருக்கா", "கல் கொத்தித் தருவீங்களா", "பழசு எடுத்துக்குவீங்களா". பிட்டை (விளம்பர ஏலத்தில் கேட்கும் விலை) குறைக்கவா, விளம்பர வாசகத்தை மாற்றவா, இல்லை நிறுத்திவிடவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரீல்ஸ்_திருச்சி

சர்ச் விளம்பரத்தை நிறுத்திவிட்டு இன்ஸ்டாகிராமுக்கு வாருங்கள் நண்பரே. மாவு பொங்கி வரும் வீடியோ ஒன்று போட்டால் போதும். என் தங்கை புடவை விற்கிறாள், முழுக்க ரீல்ஸ் விளம்பரம்தான்.

#3 ஏலக்கணக்கு

கொங்குக்கல், எதையும் நிறுத்த வேண்டாம், பிட்டிலும் கை வைக்க வேண்டாம். முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த 410 எவை எவை? கன்வெர்ஷன் பக்கத்தில் ஆக்‌ஷன் வாரியாகப் பிரித்துக் காட்டும். அப்புறம் சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, செலவு அதிகமானது மேலே வருகிற மாதிரி அடுக்கி, முதல் நூறு வரியைப் படியுங்கள். படிக்க வேண்டியது நீங்கள் போட்ட கீவேர்டுகளை அல்ல, ஜனங்கள் தட்டிய சொற்களை. மூன்றாவது, லொக்கேஷன் அமைப்பில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

#4 கொங்குக்கல்

ராத்திரி உட்கார்ந்து தம்பியும் நானும் பார்த்தோம். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

410-இல் 262 வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டது. 121 'தொடர்புக்கு' பக்கத்தைத் திறந்தது. 27 போன் அழைப்பு. விற்பனை என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பிலும் போனிலும் முடிந்து, பணம் யுபிஐயில் வந்துவிடுகிறது. அதனால் கூகுளுக்கு அது தெரிய வழியே இல்லை.

சர்ச் டேர்ம்ஸில் வந்தவை: கிரைண்டர் சர்வீஸ் அருகில், கிரைண்டர் பெல்ட் விலை, மிக்சர் கிரைண்டர் 750 வாட்ஸ், ஆங்கிள் கிரைண்டர், மாவு மில் மெஷின், செகண்ட் ஹேண்ட் கிரைண்டர், கவர்மென்ட் கிரைண்டர் ஸ்பேர். கடைசியாகச் சொன்னது 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த கிரைண்டருக்குப் பாகம் தேடுகிறவர்கள் என்று நினைக்கிறேன். பட்டியலில் கண்ணுக்குத் தெரிந்த செலவு 36,000 சொச்சம். அதில் 21,000 எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தேடல்.

லொக்கேஷன் தமிழ்நாடு என்றுதான் போட்டிருக்கிறோம். அதற்குக் கீழே 'இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டியவர்கள்' என்று தேர்வாகியிருக்கிறது. இது சரியா?

#5 ஏலக்கணக்கு

உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கேம்பெயினில் பிட்டிங் 'மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ்' என்று இருக்கும். அதாவது, கொடுத்த பட்ஜெட்டுக்குள் எத்தனை கன்வெர்ஷன் முடியுமோ அத்தனை கொண்டுவா என்று இயந்திரத்திடம் சொல்லியிருக்கிறீர்கள். கன்வெர்ஷன் என்றால் என்ன என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள்: வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டால் கன்வெர்ஷன்.

வாட்ஸ்அப் பட்டனைத் தயங்காமல் தொடுவது யார்? 6,200 ரூபாய்க்குப் புதுக் கிரைண்டர் வாங்க வருகிறவர் முதலில் விலை பார்ப்பார், கல்லைப் பார்ப்பார், உத்தரவாதம் எத்தனை வருடம் என்று பார்ப்பார். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வருவார். ஆனால் மாவு பாதி அரைபட்ட நிலையில் பெல்ட் அறுந்துபோனவர், பக்கம் திறந்த ஐந்தாவது நொடியில் பட்டனைத் தொடுவார். இயந்திரம் இதைக் கவனித்துக் கற்றுக்கொள்கிறது. ஓ, இந்த மாதிரி ஆள்தான் இவர்களுக்கு வேண்டும் போல என்று அதே மாதிரி ஆட்களை மேலும் மேலும் கூட்டிவருகிறது. நீங்கள் கொடுத்த வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது. கொடுத்த வேலைதான் தப்பு.

அதனால் பிட்டைக் குறைத்தாலும் வாசகத்தை மாற்றினாலும் இன்ஸ்டாகிராமுக்குப் போனாலும் இந்தக் கோளாறு கூடவே வரும். எதை எண்ணச் சொல்கிறோம் என்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் பட்டனுக்கு முன்னால் ஒரு சின்னப் படிவம் வையுங்கள். பெயர், போன், பின்கோடு, அப்புறம் ஒரு கேள்வி: 'உங்களுக்கு எது வேண்டும்?' புதிய கிரைண்டர், சர்வீஸ், உதிரிபாகம் என்று மூன்று தேர்வு. புதிய கிரைண்டர் என்று தேர்ந்தெடுத்து அனுப்பியவரை மட்டும் கன்வெர்ஷனாக எண்ணுங்கள். அதுதான் பிரைமரி. பழைய மூன்றையும் செகண்டரிக்கு மாற்றுங்கள். அவை ரிப்போர்ட்டில் தெரியும், ஆனால் பிட்டிங் அவற்றைப் பார்க்காது. எண்ணும் முறையில் 'ஒவ்வொன்றும்' என்று இருந்தால் 'ஒன்று' என்று மாற்றுங்கள். ஒரே ஆள் மூன்று தடவை அனுப்பினால் மூன்று வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார்.

அடுத்தது இதைவிட முக்கியம். விளம்பரத்தைத் தொட்டு வருகிற ஒவ்வொருவரின் பக்க முகவரியிலும் (லிங்க்), கூகுள் கணக்கில் ஆட்டோ டேகிங் என்ற அமைப்பைப் போட்டிருந்தால், ஜிகிளிட் என்று ஒரு நீளமான அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். வெப்சைட் செய்தவருக்கு அரை நாள் வேலை. ஆர்டர் முடிந்ததும் ஒரு ஷீட்டில் அந்த ஜிகிளிட், விற்ற தேதியும் நேரமும், தொகை ஆகியவற்றை எழுதி, வாரம் ஒரு தடவை கூகுளில் ஏற்றுங்கள். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்றினால் எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் வண்டி ஏறிய கிரைண்டர் எந்தத் தேடலில் இருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், கூகுளுக்கும் தெரியும்.

இப்போதைக்கு விற்பனையை வைத்தே பிட்டிங் செய்ய வேண்டாம். மாதம் 19 என்பது அது கற்றுக்கொள்ளப் போதாது. படிவத்தை பிரைமரியாக வைத்து ஓட்டுங்கள். விற்பனை பெருகிய பிறகு பார்க்கலாம்.

லொக்கேஷன்: 'இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றுங்கள். ஆர்வம் என்பதையும் சேர்த்தால், எங்கோ உட்கார்ந்துகொண்டு 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று தேடுகிறவருக்கும் விளம்பரம் போகும். உங்கள் பொருளின் பெயரிலேயே ஊர்ப்பெயர் இருக்கிறது, புவிசார் குறியீடு வாங்கிய பெயர் வேறு. மற்ற தொழிலைவிட உங்களுக்கு இதில் கசிவு அதிகம்.

நெகட்டிவ் கீவேர்டு, அதாவது எந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டக் கூடாது என்ற பட்டியல், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

#6 எடிசன்_தமிழன்

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னது உண்மை. போன மாதம் 110 வோல்ட் கிரைண்டர் தேடும்போது ஊர்க்காரர்களின் விளம்பரங்கள் வரிசையாக வந்தன. நாலைந்தைத் திறந்து பார்த்தேன், எல்லாம் 230 வோல்ட். நான் தொட்ட ஒவ்வொரு கிளிக்குக்கும் யாரோ காசு கொடுத்திருப்பார்கள். கொங்குக்கல் அண்ணா, 110 வோல்ட் செய்தால் சொல்லுங்கள், இங்கே நிஜமாகவே தேவை இருக்கிறது.

#7 மதுரை_மசாலா

தம்பி, நான் மசாலாப் பொடி விற்கிறேன். இயந்திரம், அமைப்பு எல்லாம் அவர் சொல்லிவிட்டார். நான் வேறு ஒன்று கேட்கிறேன். என்கொயரி எத்தனை மணிக்கு வருகிறது, நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்பப் பேசுகிறீர்கள்?

எங்களுக்கு ஒரு சமயம் இப்படித்தான் ஆயிற்று. வாங்கக்கூடிய ஆட்கள்தான், விலையெல்லாம் கேட்கிறார்கள், ஆனால் வாங்குவதில்லை. ஒருநாள் நோட்டை எடுத்து நேரத்தை வரிசையாக எழுதினேன். பாதிக்கு மேல் ராத்திரி 8 முதல் 11-க்குள். சாப்பாடு முடிந்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, போனைக் கையில் எடுக்கிற நேரம் அது. நாங்களோ மறுநாள் காலை 11 மணிக்கு, கடை திறந்து சாமி கும்பிட்ட பிறகு பேசினோம். அதற்குள் அவர்கள் வேறெங்கோ வாங்கிவிட்டார்கள், இல்லையென்றால் மனசு மாறிவிட்டது. சித்தி பெண்ணை ராத்திரி 8 முதல் 10 வரை பதில் சொல்லவே உட்காரவைத்தேன். விளம்பரத்தில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அந்த மாதமே வித்தியாசம் தெரிந்தது.

#8 கொங்குக்கல்

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். பட்டறை 6 மணிக்கு மூடுகிறோம். வாட்ஸ்அப் இருக்கும் போன் ஆபீஸ் மேஜையிலேயே கிடக்கும். மறுநாள் 10 மணிக்குத்தான் யாராவது எடுப்பார்கள்.

#9 தாம்பரம்_பிபிசி

நான் இந்தத் தொழிலில் நாலு வருடமாக இருக்கிறேன். ஒரே தீர்வு: பிராட் மேட்ச் (கீவேர்டோடு தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் காட்டுவது) எல்லாவற்றையும் தூக்குங்கள், எக்ஸாக்ட் (அதே தேடலுக்கு மட்டும்) மட்டும் வையுங்கள், மேனுவல் சிபிசிக்கு (கிளிக் விலையை நாமே வைப்பது) போங்கள். இயந்திரத்தை நம்பவே கூடாது.

#10 ஏலக்கணக்கு

தாம்பரம், நீங்கள் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்குக்கு இப்போது பிராட் வேண்டாம். பிராட் மேட்ச் நன்றாக ஓட, நம்பகமான கன்வெர்ஷன் தகவல் வேண்டும், இவரிடம் அது இன்னும் இல்லை. பிரேஸும் (கீவேர்டின் பொருள் அடங்கிய தேடலுக்குக் காட்டுவது) எக்ஸாக்டும் போதும். ஆனால் எக்ஸாக்ட் என்பது பெயரில் இருக்கிற அளவுக்கு எக்ஸாக்ட் இல்லை. ஒரே பொருள் தரும் தேடலுக்கெல்லாம் அதுவும் காட்டும். மேனுவலில் ஓட்டினால் இவர் பட்டறையை விட்டுவிட்டு தினமும் இதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சரியான தகவல் கொடுத்தால் ஏலத்தில் இயந்திரம் நம்மைவிட நன்றாகவே விலை கேட்கும்.

இப்போது நெகட்டிவ். பலர் தவறவிடும் இடம் இது. சாதாரண கீவேர்டு போட்டால் ஒருமை பன்மை, ஒரே பொருளுள்ள வேறு சொல் எல்லாவற்றையும் கூகுளே சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவில் அப்படிச் சேர்க்காது. 'சர்வீஸ்' என்று தடுத்தால் 'ரிப்பேர்' உள்ளே வரும். 'ஸ்பேர்' தடுத்தால் 'பார்ட்ஸ்' வரும். தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களுக்காக இன்னொன்று என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

உங்களுக்கு நான் போடுவது: சர்வீஸ், ரிப்பேர், மெக்கானிக், பெல்ட், மோட்டார், ஸ்பேர், பார்ட்ஸ், கல் மட்டும், செகண்ட் ஹேண்ட், பழைய, வாடகை, மிக்சி, மிக்சர், ஜார், ஆங்கிள், கட்டிங், காபி, மசாலா, மில், பல்வரைசர், 110 வோல்ட், இலவச, வேலைவாய்ப்பு. 'மாவு அரைக்கும் மெஷின்' என்பதைத் தடுக்காதீர்கள். அதில் இட்லி மாவுக்குத் தேடுகிறவரும் இருப்பார், கோதுமை அரைக்க மில் தேடுகிறவரும் இருப்பார். அதைத் தனி ஆட் குரூப்பில் (கேம்பெயினுக்குள் ஒரு தனிப் பிரிவு) வைத்து இரண்டு வாரம் கவனியுங்கள்.

2020-லிருந்து, மிகச் சிலரே தட்டுகிற தேடல்களை அந்த ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை. நீங்கள் பார்த்த 36,000-க்கும் மொத்தம் 45,000-க்கும் உள்ள இடைவெளி அதுதான். அதனால் வாய்ப்புள்ள சொற்களை முன்கூட்டியே யோசித்தும் தடுக்க வேண்டும். உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து மூன்று மாத மெசேஜைப் படியுங்கள். ஜனங்கள் எந்தச் சொல்லில் கேட்கிறார்கள் என்பது அங்கே கிடைக்கும்.

#11 ரீல்ஸ்_திருச்சி

எல்லாம் சரி, ஆனாலும் இன்ஸ்டாகிராமை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

#12 ஏலக்கணக்கு

ஒதுக்கவில்லை. புடவை, பார்த்ததும் ஆசை வருகிற பொருள், அங்கே அழகாக ஓடும். கிரைண்டர் பழுதானாலோ, கல்யாணச் சீருக்கோ, தனிக்குடித்தனம் போகும்போதோ வாங்குவது. அந்த நேரத்தில் அவர் தேடுகிறார், அதனால் முதல் ரூபாய் சர்ச்சுக்கு. இன்னொன்று, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் ஒரு ஆட் செட் (தனி பட்ஜெட் உள்ள விளம்பரத் தொகுப்பு) கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்ட வாரத்துக்கு ஏறக்குறைய 50 கன்வெர்ஷன் தேவை. 500 ரூபாயை ஆறு ஆட் செட்டாகப் பிரித்துப் போட்டு, எதுவும் கற்காமலே நிற்பதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். போவதாக இருந்தால் ஒரே ஆட் செட், இரண்டு மூன்று வீடியோ. கிரைண்டரைக் கழுவுவது எவ்வளவு சுலபம் என்று காட்டுங்கள். வாங்க யோசிக்கும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

#13 எழுத்தெண்ணி

தமிழில் விளம்பரம் எழுதும்போது ஒரு விஷயம். ஹெட்லைனுக்கு 30 இடம்தான். ஆனால் துணைக்குறி, புள்ளி எல்லாமே தனித்தனியாகக் கணக்கில் வரும். 'கோயம்புத்தூர்' கண்ணுக்கு 7 எழுத்து, அந்தப் பெட்டியில் 13 இடம். 'கோவை' என்று எழுதினால் நாலில் முடிந்துவிடும். ஆங்கில வாசகத்தை அப்படியே தமிழாக்கினால் உள்ளே அடங்காது, வெட்டினால் பொருள் போய்விடும். தமிழிலேயே யோசித்து எழுதுங்கள். 'ரூ.6,200, டெலிவரி இலவசம்' என்று விலையை முதல் ஹெட்லைனிலேயே போடுங்கள். இரண்டாயிரத்துக்குத் தேடுகிறவர் கிளிக் செய்யாமலே போய்விடுவார், அந்தக் காசு மிச்சம்.

#14 கொங்குக்கல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னதெல்லாம் செய்தோம், பட்ஜெட்டையும் 1,000-க்கு இறக்கினோம். வாட்ஸ்அப் அடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படிவம்தான். ஒரு கிளிக் 9 ரூபாயாக இருந்தது இப்போது 16. போன வியாழக்கிழமை ஒரே நாளில் 1,800 எடுத்துவிட்டது. அப்பா பயப்படுகிறார், பழையபடியே மாற்றச் சொல்கிறார். என்ன செய்ய?

#15 ஏலக்கணக்கு

தொடாதீர்கள். 1,800 சரிதான்: ஒரு நாளைக்கு நீங்கள் போட்டதில் இரண்டு மடங்கு வரை போகலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. மறுநாட்களில் குறைத்துச் சமன் செய்யும்.

கிளிக் விலை ஏறியதும் நல்ல சேதிதான். பெல்ட் தேடுகிறவருக்காக உங்களோடு ஏலத்தில் போட்டியிட யாருமில்லை, அதனால் மலிவாகக் கிடைத்தார். புதுக் கிரைண்டர் வாங்க வருகிறவருக்காகப் பெரிய பிராண்டுகளும் கடைகளும் கேட்கின்றன, அதனால் 16. அப்பாவிடம் வாட்ஸ்அப் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். வாரத்துக்கு எத்தனை வண்டி ஏறியது என்பதை மட்டும் காட்டுங்கள். இன்னும் நாலு வாரம், நடுவில் ஒன்றையும் மாற்றாமல்.

#16 கொங்குக்கல்

ஏழு வாரம் ஆயிற்று. முழுதாக முடிந்த ஒரு மாதக் கணக்கு: செலவு 29,400. விற்றது 31. ஒன்றுக்கு 948 ரூபாய். 1,100-இல் 152 நிற்கிறது. பெரிய லாபம் இல்லை, ஆனால் கையிலிருந்து போவது நின்றது. 600-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

எது உதவியது என்று கேட்டால், ஷீட்டை வைத்துச் சொல்கிறேன். 31-இல் 17 பேர் ராத்திரி 7-க்கும் 10-க்கும் இடையில் படிவம் அனுப்பி, அன்றைக்கே எங்களோடு பேசியவர்கள். மதுரை அக்காவுக்கு நன்றி. தம்பி மனைவிதான் பேசுகிறாள். கிரைண்டரில் தினமும் ஆட்டுகிறவள் என்பதால், எத்தனை ஆழாக்கு அரிசி பிடிக்கும், உளுந்துக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறாள். நான் பேசினால் மோட்டார் வாட்ஸைத்தான் சொல்லுவேன்.

'மாவு அரைக்கும் மெஷின்' ஆட் குரூப்பில் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால் ஆறு பேர் 10 லிட்டர் டில்டிங் (சாய்த்து மாவை எடுக்கும் பெரிய கிரைண்டர்) கேட்டிருக்கிறார்கள். தெருவில் பாக்கெட் மாவு போட்டு விற்கப்போகிறவர்கள். கடைகளுக்காக அதையும் நாங்கள் செய்கிறோம், வெப்சைட்டில்தான் ஏற்றவில்லை. அதில் ஒரு பீஸுக்கு மார்ஜின் நன்றாக நிற்கும்.

#17 தாம்பரம்_பிபிசி

நான் முதலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், படிவத்தில் அந்த மூன்று தேர்வு வைப்பது நல்ல வழி. என் வாடிக்கையாளர் ஒருவர் இன்வெர்ட்டர் விற்கிறார், அவருக்கும் இதே சர்வீஸ் அழைப்புத் தொல்லை. நாளைக்கே செய்கிறேன். ஜிஎஸ்டி எண்ணைப் பேமென்ட் விவரத்தில் சேர்த்துவிட்டீர்களா கொங்குக்கல்? விளம்பரத்துக்கு 18 சதவீதம் கட்டுகிறீர்கள், எண் சேர்த்தால்தான் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும்.

#18 கொங்குக்கல்

இல்லை! ஆடிட்டரிடம் இன்றே கேட்கிறேன்.

#19 ஏலக்கணக்கு

டில்டிங்குக்குத் தனிக் கேம்பெயின், தனிப் பக்கம். அதே பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். 2 லிட்டர் டேபிள் டாப் படத்தைப் பார்த்ததும் மாவு வியாபாரம் தொடங்குகிறவர் திரும்பிவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஆட்டலாம், மின்சாரம் எவ்வளவு இழுக்கும், கல் எத்தனை மாதத்தில் கொத்த வேண்டும், இந்த மூன்றையும் மேலேயே எழுதுங்கள். ஒரு நாளைக்கு 300-இல் தொடங்குங்கள். இதற்கும் படிவம் உண்டு, கேள்வி மட்டும் வேறு: 'வீட்டுக்கா, வியாபாரத்துக்கா?'

#20 கொங்குக்கல்

செய்கிறேன். சர்வீஸ் என்று தேர்ந்தெடுத்து அனுப்பிய 90 பேரின் எண் தனியாக இருக்கிறது. அவர்களுக்கு விளம்பரம் போடப்போவதில்லை. ஆனால் பெல்ட் எங்களிடமே இருக்கிறது, பட்டறையில் வேலை செய்கிற பையன் சனிக்கிழமைதோறும் கோவைக்குள் போய் மாற்றிக் கொடுக்கிறேன் என்கிறான். முதலில் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இருக்கிற பன்னிரண்டு பேருக்கு இன்று ராத்திரி போன் செய்கிறோம். எடிசன் தம்பி, 110 வோல்ட் மோட்டாருக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.